பெயர் சொல்லாத வரி

நாச்சிமுத்துவைவிட அவன் குரு பதினைந்து வயது இளையவர். அவன் அவரை ‘டீச்சருங்க’ என்பான். அவர் அவனை ‘அண்ணா’ என்பார். யார் யாருக்குப் பணிந்து நடப்பது என்று வெளியாட்கள்தான் குழம்பிப்போவார்கள். அவர்கள் இருவருக்குள் அந்தக் குழப்பம் ஒருநாளும் வந்ததில்லை.

இடம், நாமக்கல் பக்கத்தில் ஒரு குஞ்சுப் பொரிப்பகம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் வாசலில் தலையோடு குளித்து, சொந்தத் துணியைக் கொக்கியில் மாட்டிவிட்டு, பொரிப்பகத்து நீல உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் போகவேண்டும். முதலாளிக்கும் அதுதான், டிரே கழுவுகிறவருக்கும் அதுதான். குஞ்சுக்கு நோய் வரக்கூடாது என்று வைத்த வழக்கம். உள்ளே போய்விட்டால் எல்லோரும் ஒரே நிறம்.

நாச்சிமுத்து அங்கே வருஷக்கணக்காக இராக் காவல் பார்த்தவன். காவல் அறையில் ஒரு திரை இருக்கும். முட்டை அடைவைக்கிற செட்டர் ஒவ்வொன்றிலும், எட்டு சென்சாரின் சராசரியாகச் சூடு எவ்வளவு என்று அது காட்டிக்கொண்டே இருக்கும். சூட்டை முப்பத்தேழரை டிகிரியில் பிடித்து நிறுத்துகிற கணக்கை எழுதியவர் கோகிலவாணி. ஒரு விடியலில், வேலை மாறுகிற நேரத்தில், அவன் அவரை நிறுத்திக் கேட்டான்.

“டீச்சருங்க, இந்த வரி என்னங்க சொல்லுது?”

அதுவரை அவரை யாரும் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. சம்பளத்துக்குக் கணக்கு எழுத வந்தவர் அவர். கையிலிருந்த பச்சை நிலக்கடலையை அவனுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அப்படி ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், ஊர் உறங்குகிற நேரமெல்லாம் அந்தத் திரையோடு மல்லுக்கட்டினான். பிறகு ஒருநாள் முதலாளியே அவனைப் பகல் வேலைக்கு மாற்றினார். மகள் சாப்பிடுகிறபோது தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து பார்க்கிற வாழ்க்கை அவனுக்கு அப்போதுதான் வாய்த்தது. முதல் சில நாள், “அப்பா, ஏன் என்னையே பாக்கறீங்க?” என்று அவள் கூச்சப்பட்டாள்.

டீச்சர் கணக்கு எழுதுகிற மொழி, எண்களை ஒவ்வொன்றாகத் தொடாமல் வரிசையாக, மொத்தமாக அள்ளிக் கணக்குப் போடுகிற மொழி. அதில் எந்தக் கணக்கையும் இரண்டு விதமாகச் சொல்லலாம். வருகிற சரக்குக்கு ஒரு பெயர் வைத்து, இதை இன்னது செய் என்று சொல்லலாம். இல்லை, பெயரே வைக்காமல் செய்ய வேண்டிய வேலைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிடலாம்.

சராசரி வேண்டுமா? கூட்டு, வகு, எண்ணு. மூன்றே குறிகள். சூடா, ஈரப்பதமா, முட்டையின் எடையா, எதுவும் அதில் எழுதியிருக்காது. என்ன வந்தாலும் ஓரத்தில் நிற்கிற இருவரும் அதை முழுசாக வாங்கிக்கொள்வார்கள். ஒருவர் கூட்டுவார். ஒருவர் எத்தனை என்று எண்ணுவார். நடுவில் நிற்கிறவர் இருவரிடமும் வாங்கி, அதை இதால் வகுத்துவிடுவார்.

அந்த வரியை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று நாச்சிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. குளித்து உடுப்பு மாட்டிக்கொண்டு உள்ளே போகிற மாதிரி இருந்தது அது. யாருக்கும் பெயர் இல்லை, வேலை மட்டும் நடக்கிறது. அன்றிலிருந்து அவன் எழுதியதெல்லாம் பெயர் சொல்லாத வரிகள்தான். டீச்சரின் சூட்டுக் கணக்கையும் அப்படித்தான் மாற்றி எழுதினான்.

இப்படி இருக்கையில் முதலாளி குழந்தைவேலு ஒருநாள் அவனைக் கூப்பிட்டார்.

“நாச்சிமுத்து, புதுக்கோட்டைப் பக்கம் புது ஹேச்சரி போட்டிருக்கறோமில்ல. டீச்சர் அங்க போறாங்க.”

“சரிங்க.”

“இங்கத்த கணக்கு உன் கையில நிக்குமா? இல்ல, வெளியில ஆள் பாக்கட்டுமா?”

“நிக்குமுங்க.”

“நிக்கலைன்னாலும் ஒன்னும் பயப்படாத. உன்ற பழைய கேட் வேலை எங்கயும் போயிறல.”

முதலாளி ஆறுதலாகத்தான் சொன்னார். நாச்சிமுத்துவுக்கு மகளின் சாப்பாட்டுத் தட்டு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

டீச்சரிடம் போனான். அவர் திரைக்கு மேல் கடலைத் தொலிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். யோசிக்கிறபோது அவர் செய்கிற காரியம் அது.

“அண்ணா, சூட்டுக் கணக்கைப் பேர் போட்டு எழுதிக் குடுங்க.”

“ஏனுங்க? இப்ப இருக்கறது சரியாத்தான ஓடுது?”

“நல்லாத்தான் ஓடுது.”

“பொறகு என்னத்துக்குங்க?”

“நாளைக்கு ஒருத்தர் வந்து படிப்பாரில்ல.”

“யாரு?”

“தெரியலீங்க. அவருக்குத்தான்.”

யாரென்றே தெரியாத ஒருவனுக்காகத் தன் அழகான வரியைக் கலைப்பதா என்று அவனுக்குச் சுருக்கென்றது. தன்மீது நம்பிக்கை இல்லாமல்தான் அப்படிச் சொல்கிறார் என்றும் பட்டது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். கூட்டு, வகு, எண்ணு என்ற அதே மூன்று குறிகளையும் அப்படியே வைத்து, வரியின் கடைசியில் ‘சூடு’ என்ற பெயரைக் கொண்டுபோய் ஒட்டினான். பேர் கேட்டார், வைத்தாயிற்று.

சரியாக வருகிறதா என்று பார்க்கவேண்டுமே! செட்டரில் காற்றுப் போக இரண்டு சன்னல் மூடி உண்டு. திறந்திருந்தால் ஒன்று, மூடியிருந்தால் பூஜ்யம். அப்போது ஒன்று திறந்திருந்தது, ஒன்று மூடியிருந்தது. அந்த இரண்டு எண்ணையும் புது வரிக்குள் விட்டான். அரை என்று வந்தது. பாதி திறந்திருக்கிறது. சரிதானே! வரியை மூன்றாவது செட்டரில் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனான்.

டம்ளர் பாதிகூடக் காலியாகவில்லை, உள்ளே மணி அடித்தது.

கணினிக்கும் அந்த மணிக்கும் சம்பந்தமில்லை. உள்ளே சூடு எல்லை தாண்டினால் தானாக அடிக்கிற பழைய மணி. நாச்சிமுத்து ஓடினான். வாசலில் குளிக்காமல் உள்ளே போக முடியாது. வாளித் தண்ணீரை அப்படியே தலையில் கவிழ்த்து, ஈர உடம்பில் உடுப்பை இழுத்து மாட்டிக்கொண்டு போனபோது, டிரே அடுக்குகிற பாவாயி மூன்றாவது செட்டரின் கதவு இரண்டையும் அகலத் திறந்துவிட்டு, உள்ளேயிருந்து முட்டை டிராலியை மூச்சுப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். எலக்ட்ரீசியன் சம்சுதீன் ஹீட்டர் பெட்டியின் பியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்திருந்தான். கதவு வழியாக வந்த காற்று முகத்தில் அடுப்புபோல் அறைந்தது.

நாச்சிமுத்து கணினியின் முன்னால் போய் நின்றான். விரல் எதையும் தொடவில்லை. திரையில், மூன்றாவது செட்டரின் சூடு என்ற இடத்தில், அரைக்கால் என்று இருந்தது. அரைக்கால் டிகிரி, எட்டில் ஒரு பங்கு. ஐஸ் பெட்டிக்குள் இருக்கிற குளிர். முட்டைகள் உறைந்துபோகின்றன என்று நினைத்து, இயந்திரம் விடாமல் சூட்டை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறது.

டீச்சர் வந்தார். ஒன்றும் கேட்காமல் பழைய வரியை எடுத்து ஏற்றினார். சம்சுதீன் பியூஸைத் திரும்பச் செருகினான். டிராலிகள் உள்ளே போயின. கதவு மூடியது.

முதலாளி ஈரத் தலையோடு வந்து நின்றார்.

“யாரு கை வெச்சது?”

“நான்தானுங்க,” என்றான் நாச்சிமுத்து.

முதலாளி அவனைப் பார்க்கவில்லை. டீச்சரைப் பார்த்தார்.

“இன்னும் நாலு நாள்ல பொரிக்கற முட்டைங்க அது.”

“தெரியுமுங்க.”

“இவனை வெச்சுட்டுத்தான் நீங்க போகப் போறீங்களா?”

“குஞ்சு வெளிய வரட்டுங்க. அப்பறம் கேளுங்க.”

முதலாளி போய்விட்டார். செட்டர்களின் காற்றாடி இரைச்சலில் ஒருவர் பேசுவது பக்கத்தில் இருக்கிறவருக்கே அரைகுறையாகத்தான் கேட்கும். நாச்சிமுத்து கையைக் கூப்பிப் பொதுவாகச் சொன்னான்.

“எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.”

பக்கத்தில் நின்ற சம்சுதீன், “விடுங்கண்ணா, யாருக்கும் ஆகறதுதான்,” என்றான். பாவாயி தூரத்தில் சிதறிய டிரேக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

நாச்சிமுத்து தன் வரியைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தான். பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது.

“டீச்சருங்க, நான் ஒரு குறியைக்கூட மாத்தலீங்க. பேரைத்தான் சேர்த்தேன். கெட்டுப்போனது எப்படிங்க?”

கோகிலவாணி எழுந்தார்.

“மோர் வந்திருக்கும். வாங்கண்ணா.”

மத்தியான வேளையில் உள்ளேயிருக்கிற கொட்டகை மேசையின் நடுவில் ஒரு பானை மோர் வைத்துவிடுவார்கள். பக்கத்தில் ஒரு சொம்பும் டம்ளர்களும் இருக்கும். யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். வேலை முடிந்தவர் வந்து மொண்டு குடித்துவிட்டுப் போவார். அன்றைக்கு டீச்சர் பானைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

“இன்னைக்கு நான் குடுக்கறேன். வரிசையா நில்லுங்க.”

“இதென்ன புதுப் பழக்கம்! கலியாணப் பந்தியா?” என்றாள் பாவாயி. இருந்தாலும் டம்ளரோடு வந்து நின்றாள். அவளுக்கு அடுத்து நாச்சிமுத்து நின்றான். கடைசியில் சம்சுதீன்.

டீச்சர் ஒரு சொம்பு மோர் மொண்டார். நேராக வரிசையின் கடைசிக்குப் போய், சொம்போடு சம்சுதீன் கையில் கொடுத்தார்.

“சரி, எல்லாருக்கும் குடுத்தாச்சு.”

சம்சுதீன் திருதிருவென்று விழித்தான். “எனக்கேவாங்க? ஒரு சொம்பும்?”

“உங்களுக்கு வந்துச்சா?”

“வந்துச்சுங்க.”

“நாச்சிமுத்தண்ணா, உங்களுக்கு?”

“சம்சுதீன் ஏதாச்சும் குடுத்தாத்தானுங்க உண்டு.”

“பாவாயக்கா, உங்களுக்கு வந்துச்சா?”

“எங்க வந்துச்சு? வெறும் டம்ளரை வெச்சுட்டு நிக்கறேன். நீ பாட்டுக்குக் கடைசி ஆளுக்குக் குடுத்துட்டு எல்லாருக்கும் குடுத்தாச்சுங்கற! எந்த ஊரு நாயம் அம்மணி இது? தினமும் பானை நடுவுல இருந்துச்சு, யாரும் குடுக்காமயே வயிறு நெறைய குடிச்சோம். இன்னைக்குக் குடுக்கறேன்னு வந்தே, தொண்டை காயுது.”

சம்சுதீனுக்குச் சிரிப்பு வந்து மோர் மூக்கில் ஏறியது.

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு டம்ளரை மேசையில் வைத்துவிட்டுக் கணினியின் முன்னால் போய் உட்கார்ந்தான்.

வரியின் கடைசியில் ஒட்டிய பெயர், பக்கத்தில் இருந்த ‘எண்ணு’ கைக்கு மட்டும் போயிருக்கிறது. அது உள்ளே இருக்கிற எட்டு சென்சாரை எண்ணி எட்டு என்றது. நடுவில் நின்ற ‘வகு’, கூட்டிய தொகை வராமல், கிடைத்த எட்டை வைத்துக்கொண்டு, அந்தக் குறியின் வழக்கப்படி ஒன்றை எட்டால் வகுத்தது. அரைக்கால். அந்தப் பக்கத்து ‘கூட்டு’ கைக்குச் சூடு வரவே இல்லை. மிஞ்சிய அரைக்காலைத்தான் அது கூட்டியது. சன்னல் மூடி இரண்டு. ஒன்றை இரண்டால் வகுத்தாலும் அரை. பாதி திறந்திருந்தாலும் அரை. இரண்டு அரையும் ஒரே மாதிரி இருந்ததில் அவன் ஏமாந்திருக்கிறான்.

வரியை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினான். சூட்டைக் கூட்டு. சூட்டை எண்ணு. அதை இதால் வகு. பெயரை இரண்டு தடவை எழுதவேண்டியிருந்தது. இந்த முறை சன்னலை வைத்துச் சோதிக்கவில்லை. எட்டு சென்சாரின் பழைய அளவுகளை விட்டுப் பார்த்தான். முப்பத்தேழரை வந்தது. ஹீட்டரில் ஏற்றாமல், டீச்சர் பார்க்கட்டும் என்று திரையிலேயே விட்டுவிட்டு எழுந்தான்.

பாவாயி டிரே கழுவுகிற தொட்டியில் இருந்தாள். காற்றாடி இரைச்சலைத் தாண்டிக் கேட்கவேண்டும் என்று அவள் பக்கத்தில் போய் நின்றான்.

“பாவாயக்கா.”

“என்ன கண்ணு?”

“நீங்க கதவைத் தொறக்கலைன்னா அத்தனை முட்டையும் வெந்திருக்குமுங்க்கா. என் பொழப்பும் போயிருக்கும். ரொம்ப நன்றிங்க்கா.”

பாவாயி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஈரக் கையால் அவன் நெற்றியைத் தொட்டாள்.

“காச்சலா? தலை தொவட்டாம உள்ள வந்தியா?”

“இல்லீங்க்கா.”

“சரி சரி.” டிரேயைத் திரும்பவும் தேய்க்க ஆரம்பித்தாள். அவன் நகர்ந்தபிறகு, யாரிடமோ சொல்வதுபோல், “இத்தனை வருசத்துல என்கிட்ட யாரும் அப்படிச் சொன்னதில்லை,” என்றாள்.

பிறகு சம்சுதீனிடம் போனான். இரைச்சலில் ஒருதடவை சொன்னதுதான். ஆனாலும் அவன் பெயரைச் சொல்லித் திரும்பவும் சொன்னான்.

“நன்றியெல்லாம் இருக்கட்டுங்கண்ணா. என்ற டெஸ்டரை எப்பத் தருவீங்க? தீபாவளிக்கு வாங்கிட்டுப் போனது.”

அன்று மாலையே டெஸ்டரைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தான்.

மறுநாள் டீச்சர் புது வரியைப் படித்துவிட்டு, சரி என்று தலையசைத்தார். நாச்சிமுத்து போகாமல் நின்றான்.

“ஒன்னு கேக்கலாங்களா?”

“கேளுங்கண்ணா.”

“பேர் சொல்லி எழுதறது உசத்தியா, சொல்லாம எழுதறது உசத்தியா?”

கோகிலவாணி ஒரு கடலையை உடைத்தார்.

“காவல் ரூம்ல வந்து ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டீங்களே, ஞாபகம் இருக்கா?”

“மறக்க முடியுங்களா?”

“அதுல பேர் இருந்துச்சா?”

நாச்சிமுத்து யோசித்தான். ‘சூடு’ என்ற சொல்லைத்தான் அன்று அவன் முதலில் படித்தான். சுற்றிலும் ஒன்றும் புரியாத குறிகள். நடுவில் அவனுக்குத் தெரிந்த ஒரே ஒரு சொல். அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தான்.

“இருந்துச்சுங்க.”

“நான் தனியா இருந்தப்ப எழுதினது அது. படிக்க யாரும் இல்ல.”

“பின்ன யாருக்குங்க பேர் போட்டு எழுதினீங்க?”

“தெரியலீங்க,” என்றார் டீச்சர். கடலையில் பாதியை அவன் பக்கம் தள்ளினார்.

அவன் அதைக் கையில் வாங்கிக்கொண்டு திரையின் முன்னால் போய் உட்கார்ந்தான்.

பேர் இருக்கிற வரியையும் பேர் இல்லாத வரியையும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வைத்தான். பேர் இல்லாதது இயந்திரத்துக்கு, பேர் இருக்கிறது வருகிறவருக்கு. எதையும் அழிக்கவில்லை.

பொரிக்கிற நாள் வந்தது. விடிவதற்கு முன்பே முதலாளி குளித்துவிட்டு வந்து நின்றார். பொரிப்புப் பெட்டியின் கதவைத் திறந்ததும் சத்தம்தான் முதலில் வந்தது. கீச் கீச்சென்று, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் பெயர் சொல்லாமல் யாரையோ கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம். பாவாயி ஒரு டிரேயை இழுத்துப் பார்த்தாள். இன்னொன்றை இழுத்தாள். ஈரம் காயாத மஞ்சள் தலைகள் டிரே நெடுக நெருக்கியடித்து நின்றன.

“எப்பவும்போலத்தான் இருக்குங்க மொதலாளி,” என்றாள்.

முதலாளி ஒரு குஞ்சை எடுத்து, புரட்டி, கால் நகத்தைப் பார்த்துவிட்டு இறக்கிவிட்டார்.

“டீச்சர், இப்பக் கேக்கறேன். இவனை வெச்சுட்டுப் போலாமா?”

“அவர்கிட்டயே கேளுங்க. அவர் கணக்கு.”

முதலாளி உடுப்புப் பையிலிருந்து கணினி அறைச் சாவியை எடுத்து நாச்சிமுத்து கையில் வைத்தார். “இனி ஏதாச்சும் மாத்தறதுன்னா டீ குடிச்சுட்டு வந்து மாத்து. மாத்திட்டு டீ குடிக்கப் போகாத.”

டீச்சர் அன்றே கிளம்பினார். பொரிப்பகத்து வாசலில் நின்றுதான் பஸ் போகும். நாச்சிமுத்து அவர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இராக் காவல் பார்த்த வருஷமெல்லாம் இந்த நேரத்தில் அவன் சன்னலில் போர்வையைக் கட்டிவிட்டு, தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பான்.

சொல்ல வேண்டியதையெல்லாம் அவன் முன்னாலேயே தயாரித்து வைத்திருந்தான். பாவாயியிடம் சொல்லியாயிற்று, சம்சுதீனிடம் சொல்லியாயிற்று. மிச்சம் இவர் ஒருவர்தான். இவருக்குத்தான் நிறைய சொல்ல வேண்டியிருந்தது. காவல் அறை, கடலை, சூடு என்ற அந்த ஒரு சொல், மகளின் தட்டு. எதற்குப் பிறகு எதைச் சொல்லவேண்டும் என்று நடக்கும்போதுகூட ஒருமுறை சரிபார்த்துக்கொண்டான்.

பஸ் வந்தது. டீச்சர் ஏறி சன்னலோரம் உட்கார்ந்தார். அவன் பையைச் சன்னல் வழியாக நீட்டினான். அவர் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டார். அவன் இந்தப் பக்கம் விடவில்லை.

“டீச்சருங்க...”

அதற்குமேல் வரவில்லை. அடுக்கிவைத்திருந்த சொல்லெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். டிரைவர் கியரைத் தள்ளினார். நாச்சிமுத்து பையைப் பிடித்தபடி நாலடி கூடவே நடந்தான். வாய் திறந்திருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

கோகிலவாணி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவன் விரல்மீது கையை வைத்து, மெல்லப் பையை விடுவித்துக்கொண்டார்.

“எனக்கு வந்துருச்சுங்கண்ணா,” என்றார்.